விட்டு விட்டு வரும் மின்பழுது: பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பு ஓரத்திலும் கார் செட்டிலும் இன்றும் ஒரு புல்லட்டோ, யெஸ்டியோ, ராஜ்தூத்தோ, ஆர்எக்ஸ் 100 வண்டியோ நிற்பதைக் காணலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இவற்றை வைத்திருப்போர் என்னிடம் அதிகம் கேட்பது இன்ஜினைப் பற்றி அன்று. நேற்று எரிந்து இன்று எரியாத விளக்கையும், நடு வழியில் நின்று கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டியையும் பற்றித்தான். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லேன். சொந்த வண்டிகளின் வயரிங்கோடு நெடுநாள் போராடியவன். அந்த அனுபவத்தில் நின்று இங்கே பதில் சொல்கிறேன்.

மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தியதும் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி நிற்கிறது. இது எப்படி?

விட்டு விட்டு வரும் பழுதுக்குப் பெரும்பாலும் நான்கு தூண்டுதல்கள் உண்டு: சூடு, அதிர்வு, ஈரம், ஹேண்டில்பார் திரும்புதல். வழியில் இவற்றில் ஏதோ ஒன்று ஒரு வயரையோ இணைப்பையோ விலக வைத்திருக்கும். கடை வாசலில் வண்டி ஆறி, அசையாமல், நிழலில் நிற்கும்போது அந்தத் தூண்டுதல் இல்லாததால் எல்லாம் மீண்டும் ஒட்டிக்கொண்டு சரியாக இருப்பதுபோல் தோன்றும். பழுது மறைந்திருக்கும் நேரத்தில் அளந்தால் நல்ல அளவுதான் வரும் என்பதால், முதலில் பழுதை வரவழைக்க வேண்டும், வந்த நிலையிலேயே அளக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். கிளம்பி எத்தனை நிமிடத்தில் நின்றது, விளக்கும் ஹாரனும் கூடவே போயினவா அல்லது இன்ஜின் மட்டும் நின்றதா, எந்தப் பக்கம் திரும்பும்போது, மேடு பள்ளத்திலா சமதளத்திலா, திரும்பக் கிளம்ப எவ்வளவு நேரம் பிடித்தது என்ற குறிப்புகள் ஐந்தாறு முறை சேர்ந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். "அப்பப்ப ஆஃப் ஆயிடுது" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் பாகங்களை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது.

மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் பல்பு எரியவில்லை. மீட்டர் பழுதா?

மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. நாம்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் மின்தடை சுமார் 1 கோடி ஓம். அது வயரிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆகவே வயரின் உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும், ஏன், ஓர் இணைப்பில் களிம்பு ஏறிப் பத்தாயிரம் ஓம் தடை உண்டாகியிருந்தாலும்கூட, மீட்டரில் ஏறக்குறைய முழு 12 வோல்ட்டும் தெரியும். அதே வயரில் 21 வாட் பல்பை மாட்டினால், அது எரியும்போது அதன் தடை ஏழு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பத்தாயிரம் ஓமுக்கு முன் அந்த ஏழு ஓமுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

இதனால்தான் பழைய எலக்ட்ரீசியன்கள் மீட்டரைவிட டெஸ்ட் லாம்ப்பை நம்பினார்கள். இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதற்கொரு ஹோல்டர், இரண்டு வயர், முனைகளில் முதலைக் கிளிப் என்ற அளவில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் கருவி அது. ஒரு முனையை எர்த்தில், அதாவது பேட்டரியோடு சேர்ந்த சட்டத்தின் வெறும் இரும்பில், கவ்வ வைத்து மறு முனையால் சந்தேகப்பட்ட இடத்தைத் தொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்த இடம் வரை மின்சாரம் நல்ல பலத்தோடு வருகிறது. மங்கினால் பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எங்கோ இணைப்பு சரியில்லை.

மீட்டரையே பயன்படுத்துவதானால் பளு இருக்கும்போது, அதாவது விளக்கு போன்ற ஒன்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அளக்க வேண்டும். ஹெட்லைட் பேட்டரியில் எரியும் வண்டியில், விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைப் பல்புக்கு வரும் வயரின் நுனியிலும் வையுங்கள். வழியில் தொலைந்துபோகும் வோல்ட் நேராகத் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அந்த வழியில் உள்ள சுவிட்ச், பியூஸ் ஹோல்டர், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பி) ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்துகொண்டே போனால், எந்த இடத்தில் அளவு திடீரென்று குதிக்கிறதோ அதுவே குற்றவாளி.

6 வோல்ட் வண்டி வைத்திருப்போர் இதில் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர். ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் 12 வோல்ட் வண்டியில் 0.3 வோல்ட் தொலையும், யாருக்கும் தெரியாது. 6 வோல்ட் வண்டியிலோ 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விடுவதோடு, அந்தச் சிறு இணைப்பிலேயே ஏறக்குறைய மூன்றரை வாட் சூடு கிளம்பி, பிளாஸ்டிக்கை இளக்கி, இணைப்பை இன்னும் தளர்த்திவிடும்.

புதிதாகப் பெயின்ட் அடித்து, குரோம் போட்டு, எல்லாம் பளபளவென்று செய்தேன். அதற்குப் பிறகுதான் தொல்லை. ஏன்?

அப்பச்சி (அப்பா) ஓட்டிய வண்டியைப் பொங்கலுக்குள் தயார் செய்ய வேண்டும் என்று ஆசையாகச் செய்த வேலைகளில் இந்தப் பழுதை அடிக்கடி பார்க்கிறேன். மோட்டார் சைக்கிளில் பாதி வயரிங் கண்ணுக்குத் தெரியாதது. சட்டமே அந்தப் பாதி. பேட்டரியிலிருந்து போன மின்சாரம் சட்டத்தின் வழியாகத்தான் திரும்பி வருகிறது. பவுடர் கோட்டிங்கும் கெட்டியான பெயின்ட்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. எர்த் லக் (எர்த் வயரின் நுனியில் உள்ள உலோக வளையம்) போல்ட்டின் கீழ் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால், போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் மின்சாரம் போய்வந்துகொண்டிருக்கும்; அதிர்வில் அதுவும் விட்டுப்போகும்.

அடையாளம் சுலபமானது. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்குவது, ஹாரன் அடித்தால் டெயில் லைட் துடிப்பது, இண்டிகேட்டர் போட்டால் எதிர்ப்பக்கத்து விளக்கும் லேசாக மினுக்குவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை சேர்ந்து ஆடினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். விளக்கு எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் உடலுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. (பழைய பிரிட்டிஷ் முறை வயரிங் கொண்ட சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அளக்குமுன் எது சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

லக் உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரியும்படி செய்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே வேசலின் தடவினால் போதும். ஹெட்லைட்டுக்குச் சட்டத்தை நம்பாமல் பேட்டரியிலிருந்தே தனி எர்த் வயர் ஒன்று இழுத்துவிடுவது என் பழக்கம். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங் குண்டுகளில் கிரீஸ் இருக்கிறது. அந்த வழியாக எர்த் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவது?

ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து. வயர்க்கட்டு முழுவதும் ஓரிடத்தில் மடங்குகிறதென்றால் அது அங்கேதான். இருபது முப்பது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் முறை அது மடங்கி நிமிர்ந்திருக்கும்!

என் புல்லட் கதையைச் சொல்கிறேன். குன்றக்குடிப் பாதையில் மெதுவாக இடப்பக்கம் திரும்பினால் நின்றுவிடும்; வலப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. ஊரில் ஒரு பட்டறையில் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச் சுருள்), பிளாட்டினம் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சுவிட்ச், பாயின்ட் என்பதும் இதுதான்), கண்டன்சர் (பாயின்ட்டில் பொறி தாவாமல் காப்பது) என்று வரிசையாக மாற்றினார்கள், மூன்று மாதம் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே டேங்க்கைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கழுத்தில் உள்ள கட்டின் டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு வயராக இரு விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே போனேன். ஒரு வயர் ஓரிடத்தில் மட்டும் நூல்போலத் தொய்ந்தது. அந்த இடத்தை மடக்கியதும் இன்ஜின் நின்றது. மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் நீளவாக்கில் பிளந்தபோது பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே செம்பு கறுத்து இற்றுப்போய், இரண்டே இரண்டு இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன. சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் வயர் அது.

விரலால் உருட்டிப் பார்ப்பதை இன்றைக்கும் நான் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன். நல்ல வயர் வளையும்போது சற்றே எதிர்த்து நிற்கும். உள்ளே அறுந்த இடம் எதிர்க்காது.

அந்தப் பச்சைப் பொடி எங்கிருந்து வருகிறது?

செம்பில் ஈரமும் காற்றும் சேர்ந்து ஏறும் களிம்பு அது. பித்தளைச் செம்பின் அடியில் பார்த்திருப்பீர்கள். வயரின் வெட்டிய முனையில் நுழையும் மழைநீர் இழைகளின் நடுவே உறிஞ்சப்பட்டு, உறையின் உள்ளே வெகு தூரம் ஊர்ந்துபோகும். அதில் மின்சாரமும் இருந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் இன்னும் வேகமாக அரிக்கப்படும். இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேட்டரியும் உலோக அரிப்பும் முக்கியமான ஆய்வுத் துறைகள். அந்த மதில் ஓரமாகவே நாம் களிம்பேறிய வயரோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

கறுத்த செம்பில் ஈயப்பற்று ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வயரை வெட்டிக் கழித்துவிட்டு, புதுத் துண்டு சேர்த்து, ஒட்டிய இடத்தில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த ஐப்பசி மழை வரைக்கும்தான்.

வண்டி அரை மணி நேரம் ஓடியபின் நிற்கிறது; ஆறியபின் கிளம்புகிறது. காயில்தானே?

இருக்கலாம், ஆனால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு எரிபொருள் நின்றுபோகும். சற்று நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் வண்டி கிளம்பிவிடும். மின்பழுதைப் போலவே நடிக்கும் பழுது இது. நின்றவுடன் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று சத்தம் வந்து, உடனே வண்டி கிளம்பினால் வயரிங்கைத் தொட வேண்டியதே இல்லை.

அது இல்லையென்றால், நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாக வேறொரு நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடலை இன்ஜினில் ஒட்டி வைத்துக் கிக்கரை உதையுங்கள். நீலப்பொறி பட்டென்று வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் காயில், கண்டன்சர், சிடிஐ (பாயின்ட் இல்லாமல் மின்னணு முறையில் பொறியை உண்டாக்கும் பெட்டி) வண்டியானால் பிக்கப் காயில் (பொறி வர வேண்டிய நேரத்தைச் சொல்லும் சிறு சுருள்) அல்லது சிடிஐ. மெல்லிய கம்பிச் சுற்றுகள் சூட்டில் விரிந்து உள்ளே விலகுவதும், ஆறியதும் சேர்வதும் காயில்களின் குணம். பிளாட்டினம் வண்டியில் கண்டன்சர் கெட்டால் பாயின்ட்டுகளின் நடுவே பெரிய நீலப்பொறி தாவும், பாயின்ட் முகம் சீக்கிரமே கருகிக் குழி விழும். குளிர்ந்த காயிலை ஓம் மீட்டரில் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை. சூடாக, பழுது இருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஓடும்போது எப்படி அளப்பது? கையில் மீட்டர் பிடிக்க முடியாதே?

பேட்டரி, காயில், பிளாட்டினம் கொண்ட வண்டிக்கு ஓர் எளிய வழி உண்டு. காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலிருந்து ஒரு வயரும், எர்த்திலிருந்து ஒரு வயரும் எடுத்து, ஒரு சிறு பைலட் பல்பில் சேர்த்து, அந்தப் பல்பை ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். பகலில் தெரிவதற்குப் பல்பைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் சிறு குழல் போலச் செய்துகொள்ளலாம். வண்டி இடறும் கணத்தில் பல்பும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், கழுத்து வயர் என்ற பக்கத்தில் தேடுங்கள். பல்பு நிலையாக எரிந்துகொண்டிருக்க இன்ஜின் மட்டும் நின்றால் காயில், கண்டன்சர், பாயின்ட், பிளக் கேப் என்ற பக்கம். பத்து ரூபாய் பல்பு ஒன்று பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற மேக்னட், சிடிஐ வண்டிகளில் கதை தலைகீழ். அங்கே இன்ஜின் ஓடப் பேட்டரி தேவையில்லை. சாவியைத் திருப்பி அணைக்கும்போது சுவிட்ச் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்துப் பொறியைக் கொல்கிறது. ஆகவே பிளாட்டினம் வண்டியில் இணைப்பு விட்டுப்போவதால் நிற்கும்; இங்கே எங்கோ தேவையில்லாமல் தொட்டுக்கொள்வதால் நிற்கும். சுவிட்சில் ஈரம் போனாலும், அந்த அணைக்கும் வயர் சட்டத்தில் உரசி உறை தேய்ந்தாலும் இதே விளைவுதான். சிடிஐ பக்கத்தில் அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பழுது போய்விட்டால் சிடிஐ நல்லதுதான், குறை சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. அப்படி ஓட்டும்போது சாவியால் வண்டி நிற்காது. கியரில் வைத்துப் பிரேக் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். இதைச் செய்யாமல் புது சிடிஐ வாங்குவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புல்லட்டின் அம்மீட்டர் வெறும் அலங்காரமா?

மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் அந்த மீட்டர், பழைய புல்லட்டோடு இலவசமாக வந்த சோதனைக் கருவி. சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (இன்ஜினின் உள் அழுத்தத்தை விடுவிப்பது) பிடித்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் சுழிக்குத் திரும்பும். முள் அசையாமல் சுழியிலேயே நின்றால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது பாயின்ட் முகத்தில் அழுக்கு. மைனஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பாயின்ட் திறக்கவில்லை, இல்லையேல் கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அம்மீட்டர் வழியாகப் போவதால், அதன் பின்னால் உள்ள இரண்டு நட்டுகள் தளர்ந்தாலும் எல்லாமே விட்டு விட்டு அணையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றை முறுக்குங்கள்.

மழையில் மட்டும் தொல்லை.

பிளக் கேப் அல்லது பிளக் வயர். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பூந்தொட்டிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயால் அவற்றின் மேல் நீரைத் தூவுங்கள். பொறி ஓடும் இடம் கண்ணுக்கே தெரியும். மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். வயரில் கை வைக்காதீர்கள்.

பல்புகள் அடிக்கடிப் போகின்றன. பியூஸும் எப்போதாவது போகிறது.

இரண்டும் வேறு வேறு. பல்பு போவது மின்னழுத்தம் மிஞ்சுவதால். 12 வோல்ட் வண்டியில் இன்ஜின் வேகமெடுக்கும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், அதற்கும் முன் அதன் உடல் எர்த் ஆகியிருக்கிறதா, பேட்டரி முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வயரைக் கழற்றி, செல் மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள்.

பியூஸ் போவது ஷார்ட்டினால். புதுப் பியூஸைப் போட்டுப் போட்டு எரிக்காமல், பியூஸ் இருக்கும் இடத்தில் டெஸ்ட் லாம்ப்பை மாட்டி, வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டே போங்கள். பல்பு பளிச்சென்று எரியும் கணத்தில் உங்கள் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறை தேய்ந்த வயர். சீட்டின் அடியிலும் பிரேக் லைட் சுவிட்சின் அருகிலும் நான் அதிகம் கண்டிருக்கிறேன். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைப் பியூஸாகச் சுற்றுவது வண்டியையே பியூஸாக்குவது. கண்ணாடிப் பியூஸில் இன்னொரு தந்திரமும் உண்டு: கம்பி முழுதாகத் தெரியும், ஆனால் மூடியின் உள்ளே பற்று விட்டுப்போய், சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டும். கண்ணை நம்பாமல் மாற்றிப் பாருங்கள்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. சாமி கும்பிடவும் கல்யாணம் காட்சிக்கும்தான் ஊருக்கு வருகிறோம். வண்டியை எப்படி விட்டுப்போவது?

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். முடிந்தால் பேட்டரியையே ஊரில் இருப்பவர் ஒருவரிடம் கொடுத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் அளவில் இருக்கும், 12.2-க்கு இறங்கினால் பாதி காலி. அப்படியே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. பெரிய வீடுகளில் எலியும் அணிலும் வயர் உறையைக் கொறிப்பது இன்னொரு தொல்லை. நீங்கள் வந்ததும் சாவியைப் போடுமுன் டேங்க்கின் அடியிலும் ஹெட்லைட்டின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட் குடுவைக்குள் பஞ்சும் நாரும் வைத்துக் கட்டிய கூட்டை நான் எடுத்ததுண்டு.

புது வயரிங் செட்டே போட்டுவிடலாமா?

நான்கைந்து இடங்களில் களிம்பு கண்டால் போடலாம். ஒரே ஒரு பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்காகப் போடாதீர்கள். பழுது சுவிட்சிலோ காயிலிலோ இருந்தால் புது வயரிலும் அது தொடரும், மேலும் கடையில் கிடைக்கும் மலிவான செட்களில் வயர் மெலிவு, கப்ளர் பிடிப்பு போதாது. போடுவதானால் பழைய செட்டைக் கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய பழுதை மீண்டும் வரவழைக்க முயன்று, வராவிட்டால்தான். காயிலை மாற்றியதும் பழுது போயிற்றென்றால், பழைய காயிலைத் திரும்ப மாட்டி அதே பாதையில் அதே வெயிலில் ஓட்டுங்கள். பழுது திரும்பி வந்தால் காயில்தான். வராவிட்டால் மாற்றும்போது நீங்கள் கழற்றி மாட்டிய ஏதோ ஓர் இணைப்பு தற்செயலாகச் சரியாகியிருக்கிறது, அது மறுபடி தளரும். முன்பு வாரம் ஒருமுறை வந்த பழுதானால் மூன்று வாரமாவது வராமல் இருந்தபின் நோட்டில் "முடிந்தது" என்று எழுதுங்கள். என் புல்லட்டின் வயரை மாற்றிய அன்று அதே குன்றக்குடித் திருப்பத்தில் இடப்பக்கமாக இருபது முறை வட்டமடித்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, வண்டி நிற்கவில்லை.